‘டவர் இருக்கு, பேலன்ஸ் இருக்கு, ஆனா யாருக்கும் லைன் கிடைக்கல’: வெளிநாட்டு ப்ரீபெய்டு சிம் புகார்களை அறிகுறி வாரியாகத் தீர்க்கும் வழி

பயண சிம் விற்கும் இடத்திலோ அதன் உதவி மையத்திலோ வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் புகார் நன்றாகத் தெரியும். “நான் கூப்பிட்டா போகுது, நெட் வேலை செய்யுது. ஆனா வீட்டிலிருந்து கூப்பிட்டா லைன் கிடைக்கலையாம்.” இதில் கவனிக்க வேண்டிய விஷயம், புகார் கொடுப்பவர் பிழையைப் பார்க்கவே இல்லை என்பது. அதைக் காதால் கேட்டவர் அழைத்த மனிதர். அவர் வேறு நாட்டில், வேறு ஆபரேட்டரில் இருக்கிறார். ஆனால் நாம் கேள்வி கேட்பதெல்லாம் சிம் வைத்திருப்பவரிடம்தான். போனை அணைத்துப் போடச் சொல்கிறோம், சிம்மைக் கழற்றி மாட்டச் சொல்கிறோம். சில புகார்கள் அதில் தீரும். தீராதவை நாள்கணக்கில் இழுக்கும், அதற்குள் அவருடைய பயணமே முடிந்துவிடும்.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: அழைப்பு வழியில் எந்த இடத்தில் அறுந்தது என்று கண்டுபிடிப்பது. அது தெரியாமல் செய்யும் எல்லாமே குருட்டாம்போக்கு.

அழைப்பு எந்த வழியாக வருகிறது

ரோமிங்கில் இருக்கும் எண்ணுக்கு வரும் அழைப்பு மூன்று கட்டங்களைத் தாண்ட வேண்டும். முதலில் அழைப்பவரின் ஆபரேட்டர் எண்ணின் தொடக்க இலக்கங்களைப் பார்த்து, அழைப்பை ஒரு சர்வதேச இணைப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கிறது. அது அந்த எண்ணின் சொந்த நெட்வொர்க்குக்கு வந்து சேர வேண்டும். அடுத்து சொந்த நெட்வொர்க் தன் சந்தாதாரர் பதிவேட்டைப் பார்க்கிறது. துறையில் எச்எல்ஆர் என்று சொல்வது இதைத்தான். இந்த சிம் இப்போது எந்த வெளிநாட்டு நெட்வொர்க்கில் பதிவாகியிருக்கிறது என்பது அதில் இருக்கும். அந்த நெட்வொர்க்கிடம் கேட்டு, இந்த ஒரு அழைப்புக்காக மட்டும் ஒரு தற்காலிக எண்ணை வாங்குகிறது. கடைசியாக, அந்தத் தற்காலிக எண்ணை நோக்கி அழைப்பு மறுபடியும் எல்லை தாண்டிப் போய், டவர் வழியாகப் போனை எட்டுகிறது.

எஸ்டோனியா எண் கொண்ட சிம் தாய்லாந்தில் இருக்கிறது, அழைப்பவர் கனடாவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு கனடாவிலிருந்து எஸ்டோனியா போய், அங்கிருந்து தாய்லாந்து வரும். மூன்று நாடுகளில் எங்கே அறுந்தாலும் சிம் வைத்திருப்பவருக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: போன் அடிக்கவில்லை.

எங்கே அறுந்தது என்பதற்கு நல்ல துப்பு, அழைத்தவர் கேட்ட அறிவிப்பின் மொழி. அவருடைய சொந்த நாட்டு மொழியில், அவருக்குப் பழகிய குரலில் வந்தால், அழைப்பு பெரும்பாலும் அவருடைய ஆபரேட்டரைத் தாண்டவே இல்லை. சிம்மின் சொந்த நாட்டு மொழியில் வந்தால் நடுக்கட்டம் வரை வந்திருக்கிறது. சிம் இப்போது இருக்கும் நாட்டின் மொழியில் வந்தால் கடைசிக் கட்டத்தில் நிற்கிறது. எதுவுமே கேட்காமல் சில நொடி அமைதிக்குப் பிறகு மூன்று பீப் ஒலியோடு அறுந்தால், வழியில் ஏதோ ஒரு இணைப்பு நிறுவனம் கைவிட்டிருக்கலாம். இது நூற்றுக்கு நூறு சரியான அடையாளம் இல்லை. சில ஆபரேட்டர்கள் வெளியிலிருந்து வரும் தோல்விச் செய்தியைத் தங்கள் சொந்த அறிவிப்பாக மாற்றிப் போடுவார்கள். இருந்தும் ஒரு பைசா செலவில்லாமல் கிடைக்கும் தகவல் இது, ஆனால் புகார் படிவங்களில் இதற்கு ஒரு கட்டம்கூட இருப்பதில்லை என்பது வருத்தமான விஷயம்.

அழைத்தவரிடமிருந்து வாங்க வேண்டியவை

முடிந்தால் அழைத்தவருடைய அழைப்புப் பட்டியலின் ஸ்க்ரீன்ஷாட்டைக் கேளுங்கள். அதில் அவர் டயல் செய்த எண் அப்படியே இருக்கும். வாய்மொழியாகச் சொல்லும்போது எல்லோரும் சரியான எண்ணைத்தான் சொல்வார்கள். அப்புறம் அழைத்த நேரம், அது எந்த நாட்டு நேரம், மொபைலா லேண்ட்லைனா இணைய அழைப்புச் செயலியா, எந்த ஆபரேட்டர், என்ன கேட்டது, எந்த மொழியில் கேட்டது. கடைசியாக இன்னொரு கேள்வி: வேறு யாராவது, வேறு ஆபரேட்டரிலிருந்து அழைத்துக் கிடைத்ததா? இந்த ஒரு பதில் விசாரணையை பாதியாகக் குறைத்துவிடும்.

அறிகுறி: ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ அல்லது ‘நீங்கள் டயல் செய்த எண் தவறானது’

முதலில் எண்ணை இலக்கம் இலக்கமாகப் படியுங்கள். சர்வதேச எண் அமைப்பில் நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து அதிகபட்சம் 15 இலக்கங்கள்தான். 19 அல்லது 20 இலக்கங்களில், 89 என்று தொடங்கும் ஒரு எண்ணை வாடிக்கையாளர் காட்டினால், அது சிம் அட்டையின் வரிசை எண். அட்டையின் பின்புறம் பெரிதாக அச்சிட்டிருப்பதால் அதையே போன் எண் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இன்னொரு சாத்தியம், அந்த சிம்முக்கு அழைப்பு எண்ணே இல்லாமல் இருப்பது. பயண இசிம்களில் (அட்டை இல்லாமல் போனிலேயே பதிவாகும் சிம்) பல இணையத்துக்கு மட்டுமானவை. செட்டிங்ஸில் ஒரு எண் தெரிந்தாலும் அதற்கு அழைப்போ எஸ்எம்எஸ்ஸோ வராது. விற்கும்போது இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இந்தப் புகார் பிறந்தே இருக்காது. வீட்டில் வயதானவர்களை விட்டுவிட்டுப் பயணம் போகிறவர் ஒருவர், ஆபத்துக்கு இந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பார்.

எண் இருக்கிறது, இலக்கங்களும் சரி என்றால் டயல் செய்யும் முறையைப் பாருங்கள். மொபைலிலிருந்து + குறியோடு தொடங்குவதே பாதுகாப்பு. லேண்ட்லைனில் அது முடியாது. வெளிநாட்டு அழைப்புக்கான முன்னெண் நாட்டுக்கு நாடு வேறு. பெரும்பாலான நாடுகளில் 00, வட அமெரிக்காவில் 011, ஜப்பானில் 010, ஆஸ்திரேலியாவில் 0011. அதேபோல உள்நாட்டுக்குள் அழைக்கச் சேர்க்கும் 0-ஐ நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகும் வைத்துவிடுவது பரவலான பிழை. +44-க்குப் பிறகு 07 என்று போட்டால் சில ஆபரேட்டர்கள் திருத்தி அனுப்புவார்கள், சிலர் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இதனால்தான் ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்காமல் போகிறது. எல்லா நாட்டிலும் 0-ஐ நீக்கிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். இத்தாலியின் லேண்ட்லைன் எண்களில் அந்த 0 எண்ணின் ஒரு பகுதி.

எண் அமைப்பே மாறிய நாடுகளும் உண்டு. மெக்சிகோ மொபைலுக்கு வெளிநாட்டிலிருந்து அழைக்க +52-க்குப் பிறகு 1 சேர்க்கும் வழக்கம் 2019 ஆகஸ்டில் முடிந்தது. ஐவரி கோஸ்டில் 2021 ஜனவரி 31 முதல் 8 இலக்கம் 10 இலக்கம் ஆனது. அர்ஜென்டினா மொபைலுக்கு +54-க்குப் பிறகு 9 வேண்டும். அழைப்பவரின் தொடர்புப் பட்டியலில் பழைய வடிவம் சேமித்திருந்தால் எத்தனை முறை முயன்றாலும் இதே அறிவிப்புதான் வரும்.

எல்லாம் சரி, ஆனாலும் இதே அறிவிப்பு என்றால், எண் காலாவதி ஆகிவிட்டதா என்று பாருங்கள். ப்ரீபெய்டு எண்ணைக் குறிப்பிட்ட காலம் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் ஆபரேட்டர் முடக்கி, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். வாடிக்கையாளர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார், ஏனென்றால் “வாட்ஸ்அப் வந்துகிட்டுதானே இருக்கு” என்பார். வாட்ஸ்அப் பதிவு செய்யும்போது மட்டும்தான் எண்ணைச் சரிபார்க்கிறது. எண் செத்த பிறகும் அந்தக் கணக்கு அதே போனில் ஓடிக்கொண்டிருக்கும். எண் உயிரோடு இருப்பதற்கு அது சாட்சி ஆகாது. இதை அவரிடம் பொறுமையாக விளக்குங்கள். எண் இன்னொருவர் கைக்குப் போனால் வாட்ஸ்அப் கணக்கும் வங்கி ஓடிபியும் ஆபத்தில் இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அறிகுறி: சிலருக்குக் கிடைக்கிறது, சிலருக்குக் கிடைக்கவில்லை

இந்தப் புகார் வந்தால் சிம்மைத் தொடவே தேவையில்லை. ஒருவருக்காவது சரியாகக் கிடைத்தால், எண் உயிரோடு இருக்கிறது, பதிவேடு சரியாக இருக்கிறது, போனும் சரியாக இருக்கிறது. அறுந்தது முதல் கட்டத்தில். ஆனாலும் உதவி மையங்கள் பழக்கதோஷத்தில் வாடிக்கையாளரைப் போனை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லிக்கொண்டே இருப்பதைப் பார்க்கிறோம். அவர் கண்ணுக்கு அது தட்டிக்கழிப்பாகத்தான் தெரியும், நியாயமும் அவர் பக்கம்தான்.

காரணம் பெரும்பாலும் எண் வரிசையில் இருக்கிறது. பயண சிம்களுக்கு எஸ்டோனியாவின் +372, மேன் தீவின் +44 7624, ஜெர்சியின் +44 7797 போன்ற வரிசைகளில் எண் கொடுப்பது நீண்ட நாள் வழக்கம். எந்த நாட்டையும் சேராத சர்வதேச நெட்வொர்க்குகளுக்கான +882, +883 குறியீடுகளிலும் எண்கள் உண்டு. இந்த வரிசைகளுக்கு அழைப்பை முடித்துத் தரும் கட்டணம் சாதாரண எண்ணைவிட அதிகமாக இருக்கலாம். கட்டணம் அதிகமான வரிசைகளை நோக்கி மோசடிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் செயற்கை அழைப்புகளைத் தள்ளிக் காசு பார்ப்பார்கள்; ஒரு ரிங் மட்டும் விட்டு, மிஸ்டு காலைப் பார்த்து நம்மைத் திரும்ப அழைக்க வைப்பதும் அந்த வேலைதான். அதனால் பல ஆபரேட்டர்கள் இந்த வரிசைகளை முன்கூட்டியே மொத்தமாகப் பூட்டி வைக்கிறார்கள். புதிதாக ஒதுக்கப்பட்ட வரிசை என்றால் சிக்கல் வேறு மாதிரி: அழைப்பவரின் ஆபரேட்டர் அதைத் தன் வழித்தடப் பட்டியலில் இன்னும் சேர்த்திருக்கவே மாட்டார். இரண்டிலும் அழைப்பவர் காதில் விழுவது ‘எண் தவறு’ என்ற அறிவிப்புதான்.

இன்னொரு கிளை, அழைப்பவரின் திட்டம். +44 என்று பார்த்ததும் பிரிட்டனுக்கான இலவச நிமிடங்களில் சேரும் என்று நினைப்பார். மேன் தீவும் ஜெர்சியும் அந்தத் திட்டத்தில் பல நேரம் சேராது. அவரும் ப்ரீபெய்டு என்றால், அந்தக் கட்டணத்துக்கான பேலன்ஸ் இல்லாமல் அழைப்பு முதல் நொடியிலேயே மறுக்கப்படும். இதேபோல +1 என்பது அமெரிக்கா, கனடா மட்டுமல்ல. ஜமைக்கா உட்படக் கரீபியன் நாடுகள் பலவும் அதே குறியீட்டில் இருக்கின்றன, கட்டணம் வேறு.

சோதனை சுலபம். அழைப்பவரின் நாட்டிலேயே வேறு ஆபரேட்டர் வைத்திருக்கும் யாரையாவது அழைக்கச் சொல்லுங்கள். சிம்மின் சொந்த நாட்டிலிருந்து ஒரு அழைப்பு போட்டுப் பாருங்கள். இரண்டும் கிடைத்தால் குற்றம் அந்த ஒரு ஆபரேட்டரிடம் இருக்கிறது என்று உறுதியாகிவிடும். இணையச் செயலியிலிருந்து எண்ணுக்கு அழைத்துப் பார்ப்பது கூடுதல் தகவல் தரும், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். அந்தச் செயலிகள் தங்களுக்கென்று தனி இணைப்பு நிறுவனங்களை வைத்திருக்கின்றன.

தீர்வு இரண்டு பக்கமும் நகர வேண்டும். அழைத்தவர் தன் ஆபரேட்டரிடம் ‘வெளிநாட்டு அழைப்பு வசதி என் எண்ணில் இருக்கிறதா, இந்த எண் வரிசை திறந்திருக்கிறதா’ என்று கேட்க வேண்டும். நீங்கள் உங்கள் சிம் வழங்குநரிடம் டிக்கெட், அதாவது எழுத்துப்பூர்வப் புகார், போட வேண்டும். வரிசையைத் திறக்கச் சொல்லி அழுத்தம் கொடுக்க அவர்களால்தான் முடியும். இதற்கு வாரங்கள் ஆகலாம். அதுவரைக்கும் அழைப்பவரின் நாட்டிலேயே ஒரு உள்ளூர் எண் வாங்கி, அதிலிருந்து இந்த சிம்முக்குத் திருப்பிவிடுவது நடைமுறைக்கு உகந்த வழி. சில வழங்குநர்கள் இதைக் கூடுதல் சேவையாகவே தருகிறார்கள். அந்த உள்ளூர் எண்ணுக்குத் தனிக் காலக்கெடு உண்டு. சிம்மை ரீசார்ஜ் செய்துவிட்டு இதை மறந்தால், ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

அறிகுறி: ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்கிறது, ஆனால் போன் ஆனில் இருக்கிறது

இங்கே அழைப்பு சொந்த நெட்வொர்க் வரை வந்துவிட்டது. சிம் எங்கே இருக்கிறது என்று அங்கே தெரியவில்லை, அல்லது தெரிந்தும் எட்ட முடியவில்லை. சிம்மைத் தொட வேண்டிய புகார் இதுதான்.

ஏர்பிளேன் மோடைப் போட்டு ஒரு நிமிடம் கழித்து எடுங்கள். சரியாகாவிட்டால், தானாக நெட்வொர்க் தேடும் வசதியை நிறுத்திவிட்டு, பட்டியலில் இருக்கும் வேறொரு நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுங்கள். ஒரு நெட்வொர்க் ஒருமுறை மறுத்துவிட்டால் சிம் அதைத் தடைப்பட்டியலில் எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு தானாக அந்தப் பக்கம் போகாது. கையால் தேர்ந்தெடுத்து அது ஏற்றுக்கொண்டால் அந்தத் தடை நீங்கும்.

பல நாட்டு ஆபரேட்டர்களின் சந்தாதாரர் அடையாளங்களை ஒரே அட்டையில் வைத்திருக்கும் பயண சிம் என்றால் இன்னொரு படி இருக்கிறது. நாடு மாறியதும் அட்டைக்குள் இருக்கும் சிறு நிரல், உள்ளே இருக்கும் அடையாளங்களில் பொருத்தமானதுக்குத் தாவும். தாவிய தகவல் பதிவேட்டில் ஏறும் வரை, அழைப்புகள் பழைய அடையாளத்தைத் தேடிப் போய்த் தோற்கும். விமானம் இறங்கிய சில நிமிடங்களில் வரும் புகார்களுக்கு இது முக்கியக் காரணம். போனை முழுதாக அணைத்து ஆன் செய்து, கொஞ்ச நேரம் கொடுங்கள். தாவவே இல்லை என்றால் சிம் டூல்கிட் மெனுவில் போய் நாட்டைக் கையால் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டை சிம் போனில் இரண்டாவது இடத்தில் மாட்டியிருந்தால் முதல் இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். சில போன்களில் இந்த நிரல் அங்கேதான் ஒழுங்காக ஓடுகிறது.

இரட்டை சிம் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். பல போன்களில் ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றது நெட்வொர்க்கிலிருந்து விலகியே இருக்கும். சொந்த ஊர் எண்ணில் அரை மணி நேரம் பேசினால், அந்த அரை மணி நேரமும் பயண சிம் எண்ணுக்கு அழைப்பவர்களுக்கு ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்றுதான் வரும். புகாரில் சொன்ன நேரத்தையும் மற்ற சிம்மின் அழைப்புப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

சரி, இப்போது இந்த அறிகுறியின் மிகக் கடினமான காரணத்துக்கு வருவோம். திரையில் 4ஜி, இணையம் பறக்கிறது, அழைப்பு மட்டும் வரவில்லை. 4ஜி அடிப்படையில் இணையத்துக்காக அமைந்தது. அதில் அழைப்பு வர இரண்டு வழிதான்: அழைப்பு வரும் நேரத்தில் போன் 3ஜி-க்கோ 2ஜி-க்கோ இறங்க வேண்டும், அல்லது வோல்ட்டி (VoLTE) என்ற வசதி மூலம் 4ஜி-யிலேயே பேச வேண்டும். முதல் வழி வேகமாக மூடிக்கொண்டு வருகிறது. அமெரிக்காவின் பெரிய ஆபரேட்டர்கள் 2022-ல் 3ஜி-யை நிறுத்தினார்கள். தைவானில் 2024 ஜூன் மாதத்தோடு 3ஜி முடிந்தது. ஆஸ்திரேலியாவில் 2024-ன் பிற்பகுதியில் கடைசி 3ஜி நெட்வொர்க்குகள் அணைந்தன. இரண்டாவது வழிக்கு, சிம்மின் சொந்த ஆபரேட்டருக்கும் அந்த நாட்டு ஆபரேட்டருக்கும் இடையே வோல்ட்டி ரோமிங் ஒப்பந்தம் வேண்டும், போனும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். இணையத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டு, இதை விட்டுவைத்திருக்கும் சிம்கள் நிறைய. அந்த சிம் அந்த நாட்டில் இணையத்துக்கு உயிரோடு இருக்கும், அழைப்புக்குச் செத்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க வாடிக்கையாளரையே ஒரு அழைப்பு போடச் சொல்லி, திரையின் மேலே இருக்கும் அடையாளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 4ஜி மறைந்து 3ஜி வந்தால் முதல் வழி வேலை செய்கிறது. 4ஜி அப்படியே இருந்து அழைப்பு போனால் வோல்ட்டி இருக்கிறது. உடனே அறுந்தால் இரண்டும் இல்லை. செட்டிங்ஸில் வோல்ட்டி அணைந்திருந்தால் போடுங்கள். அந்த நாட்டில் 3ஜி அல்லது 2ஜி வைத்திருக்கும் வேறு ஆபரேட்டர் இருந்தால் அதைக் கையால் தேர்ந்தெடுங்கள். சோதனைக்காக நெட்வொர்க் வகையை 3ஜி-க்கு இறக்கிப் பார்ப்பதும் பயன் தரும். இவை எதிலும் நடக்கவில்லை என்றால் அந்த நாட்டில் அந்த சிம்முக்கு அழைப்பு வராது. அதை உள்ளபடியே சொல்லிவிடுங்கள். வராத அழைப்புக்காக அவரை இன்னும் பத்து முறை ரீஸ்டார்ட் செய்ய வைப்பது அநியாயம். பணத்தைத் திருப்பித் தருவதா, வேறு சிம் தருவதா என்ற பேச்சை நீங்களே தொடங்க வேண்டும்.

கடைசியாக ஒரு நுட்பமான வகை. வெளியே போகும் அழைப்பு போகிறது, எஸ்எம்எஸ் வருகிறது, உள்ளே வரும் அழைப்பு மட்டும் எவரிடமிருந்தும் வரவில்லை, அதுவும் குறிப்பிட்ட ஒரு வெளிநாட்டு நெட்வொர்க்கில் இருக்கும்போது மட்டும். முன்னே சொன்ன தற்காலிக எண்ணுக்குப் போகும் பாதை உடைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். எஸ்எம்எஸ்ஸுக்கு அந்தத் தற்காலிக எண் தேவைப்படாது, அதனால்தான் அது தப்பிக்கிறது. நெட்வொர்க்கை மாற்றினால் உடனே சரியாகும். மாற்றிவிட்டு அத்தோடு விடாமல், பழைய நெட்வொர்க்கின் பெயரோடு டிக்கெட் போடுங்கள். அங்கே இருக்கும் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் அது உடைந்துதான் இருக்கிறது.

அறிகுறி: அவர்களுக்கு ரிங் கேட்கிறது, எனக்கு அடிக்கவில்லை

போனிலேயே தொடங்குங்கள். தெரியாத எண்களை அமைதியாக்கும் வசதி, தொந்தரவு செய்யாதே முறை, ஸ்பாம் அழைப்பைத் தடுக்கும் செயலி. வெளிநாட்டு அழைப்புகளில் அழைப்பவரின் எண் பல நேரம் சிதைந்தோ மறைந்தோ வருவதால், தொடர்புப் பட்டியலில் இருக்கும் அம்மாவின் எண்கூடத் ‘தெரியாத எண்’ ஆகிவிடும். மிஸ்டு கால் பட்டியலில் பதிவு இருந்தால் இதுதான் காரணம்.

பட்டியலில் எதுவுமே இல்லை, அழைத்தவருக்குக் காசு மட்டும் போயிருக்கிறது என்றால், வழியில் இருக்கும் ஏதோ ஒரு மலிவு இணைப்பு நிறுவனம் போலி ரிங் ஒலியைப் போட்டுவிட்டு, அழைப்பு எடுக்கப்பட்டதாகக் கணக்கு எழுதியிருக்கக்கூடும். இது மோசடி. அழைத்தவரின் பில்லில் நிமிடக் கணக்கு இருக்கும், உங்கள் பக்கப் பதிவில் அந்த அழைப்பே இருக்காது. இரண்டையும் சேர்த்து அவருடைய ஆபரேட்டரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். பாதையை மாற்ற வேண்டியவர்களும் பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர்களும் அவர்கள்தான்.

அறிகுறி: நேராக வாய்ஸ்மெயிலுக்குப் போகிறது

கால் ஃபார்வர்டிங் எங்கோ போடப்பட்டிருக்கிறது. *#21# எல்லா அழைப்பையும் திருப்பும் அமைப்பைக் காட்டும், *#62# எட்டாதபோது திருப்புவதை, *#67# பிஸியாக இருக்கும்போது திருப்புவதை, *#61# எடுக்காதபோது திருப்புவதை. ##002# எல்லாவற்றையும் நீக்கிவிடும். ரோமிங்கில் எடுக்காத அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குத் திரும்பிப் போனால், சில திட்டங்களில் உள்வரும் கட்டணமும் வெளிச்செல்லும் கட்டணமும் இரண்டுமே வாடிக்கையாளர் தலையில் விழும். பயணத்தில் வாய்ஸ்மெயிலை நீக்கிவைப்பதே நல்லது. கூடவே *#351# போட்டு, ரோமிங்கில் உள்வரும் அழைப்புகளுக்குத் தடை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: எடுத்ததும் அறுந்துவிடுகிறது

பேலன்ஸ். ரோமிங்கில் உள்வரும் அழைப்புக்கும் காசு உண்டு என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. சில சிம்களில் பேலன்ஸ் ஒரு நிமிடத்துக்குக்கூடப் போதாவிட்டால் அழைப்பே வராது. இணையப் பேக் தனி, அழைப்புப் பேலன்ஸ் தனி என்பதையும் பாருங்கள்.

அறிகுறி: மிஸ்டு காலைப் பார்த்து வீட்டில் திரும்ப அழைத்தால் யாரோ எடுக்கிறார்கள், அல்லது எண்ணே இல்லை என்கிறது

சிம் எண்ணில் பிழை இல்லாமலே வரும் புகார் இது. சில பயண சிம்களில் வெளியே அழைக்கும்போது முதலில் சர்வர் உங்களைத் திரும்ப அழைத்து, பிறகு மறுமுனையை இணைக்கும். மறுமுனையில் அந்த சர்வரின் எண்ணோ, தாவிய வேறொரு நாட்டு அடையாளத்தின் எண்ணோ தெரியலாம். நாட்டுக் குறியீடு உதிர்ந்து வெறும் பாதி எண்ணும் தெரியலாம். வீட்டில் இருப்பவர் அதற்குத் திரும்ப அழைத்துவிட்டு, ‘உன் நம்பர் வேலை செய்யல’ என்கிறார். ஸ்க்ரீன்ஷாட் வாங்கிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சரியான எண்ணை + குறியோடு சேமிக்கச் சொல்லி, அதற்கு மட்டும் அழைக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: அழைப்பு வருகிறது, ஓடிபி வரவில்லை

நண்பரை ஒரு சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். அது வந்தால் சிம்மில் குறை இல்லை. வங்கிகளும் செயலிகளும் ஓடிபி-யை மொத்தச் செய்தி நிறுவனங்கள் வழியே அனுப்புகின்றன. பயண சிம் எண் வரிசைகளுக்கு அவர்கள் பாதை வைத்திருக்காமல் இருக்கலாம், அல்லது அந்த வரிசையையே சந்தேகத்துக்குரியதாக ஒதுக்கியிருக்கலாம். ஓடிபி-யைக் குரல் அழைப்பாகக் கேட்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால், பயணம் கிளம்பும் முன்பே வங்கி எண்ணைப் பயண சிம்முக்கு மாற்ற வேண்டாம் என்று சொல்வதுதான் சிறந்த உதவி.

டிக்கெட்டில் எழுத வேண்டியது

‘எண் கிடைக்கவில்லை, சரிபார்க்கவும்’ என்று மட்டும் போகும் டிக்கெட் ‘எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது’ என்று திரும்பி வரும். அழைத்தவரின் எண், சிம்மின் எண் இரண்டையும் + குறியோடு எழுதுங்கள். நேரத்தை யுடிசி-யில், அதாவது உலகப் பொது நேரத்தில், எழுதுங்கள். குறைந்தது இரண்டு மூன்று தோல்வி அழைப்புகளின் விவரமும், வேறு ஆபரேட்டரிலிருந்து கிடைத்த ஒரு அழைப்பின் விவரமும் இருக்கட்டும். அழைப்புகள் புதியதாக இருக்க வேண்டும். வழித்தடப் பதிவுகளை யாரும் நீண்ட நாள் வைத்திருப்பதில்லை.

அழைப்பு ஏன் தோற்றது என்பதற்கு இணைப்பு நிறுவனம் காரணக் குறியீடு கொடுத்தால் படிக்கத் தெரிந்துவைத்திருங்கள். 1 என்றால் ஒதுக்கப்படாத எண், 3 என்றால் அந்த இடத்துக்குப் பாதை இல்லை, 17 பிஸி, 18 போன் பதில் தரவில்லை, 20 சந்தாதாரர் எட்டும் நிலையில் இல்லை, 21 மறுக்கப்பட்டது, 28 எண் வடிவம் தவறு, 34 காலியான இணைப்பு இல்லை. உயிரோடு இருக்கும் எண்ணுக்கு 1 வந்தால், யாரோ அந்த வரிசையைத் தெரியாமலோ வேண்டுமென்றோ மூடி வைத்திருக்கிறார்கள். 20 வந்தால் சிம் பக்கம் திரும்புங்கள். 34 திரும்பத் திரும்ப வந்தால், அந்தப் பாதையின் கொள்ளளவு போதவில்லை என்று நேரடியாகக் கேளுங்கள்.

‘சரியாகிவிட்டது’ என்று பதில் வந்ததும் உங்கள் மேசையிலிருந்து அழைத்துப் பார்த்து டிக்கெட்டை மூடாதீர்கள். உங்கள் அழைப்பு போகும் பாதை வேறு. முதலில் தோற்ற அதே மனிதர், அதே போனிலிருந்து, அதே எண்ணுக்கு அழைத்துப் பேசிய பிறகு மூடுங்கள்.